புதுக் காதுக்கு வைத்த பொட்டு

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று நான் பெற்றவை, இரண்டு என் நாத்தனார் விட்டுப்போனவை. ஐந்தும் இன்று தம் காலில் நிற்கின்றன. பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாரும் என்னை ஒன்றும் தெரியாத கிழவி என்று எண்ணிவிடக் கூடாது, அதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன். இலங்கையில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு என் படிப்பு சரி. எழுத்துக் கூட்டி மெதுவாக எழுதுவேன். நான் எழுதியதைப் பேத்தி ஹரிணி பிழை திருத்திக் கணினியில் அடித்துத் தருகிறாள். அங்கேயே இருந்துவிட்டவர்களும், என்னைப் போலக் கப்பலேறி வந்து கோத்தகிரி, மேட்டுப்பாளையம் என்று சிதறிக் கிடப்பவர்களும் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

கோவை பக்கம் துடியலூரில் இப்போது எனக்கு ஒரு விசித்திரம் நடந்துகொண்டிருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் எல்லோரிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள். பால்காரரிடம், பஸ் கண்டக்டரிடம், சண்டை போடும்போது எதிராளியிடமும் அப்படித்தான். நாங்கள் வந்த புதிதில் மேட்டுப்பாளையத்தில் ஒரு கடைக்காரர் "என்ன வேணுமுங்க?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் எந்தப் பெரிய மனுஷி நிற்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். தோட்டத்தில் எங்களை வேலை வாங்கிய கங்காணி கூப்பிட்டது "ஏய் புள்ளே" என்றுதான். அந்த 'ங்க' பழகப் பல வருடம் பிடித்தது. பழகிய பிறகு அது இல்லாமல் யாராவது பேசினால் முகம் சிவந்துவிடும் அளவுக்கு நானும் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டேன். இப்போது காது போகிறது. காது போகும்போது சொல்லின் கடைசிதான் முதலில் போகிறது. "வாங்க" என்பது எனக்கு "வா" என்று வந்து விழுகிறது. "உக்காருங்க" என்றால் "உக்காரு". அவர்கள் மரியாதையாகத்தான் சொல்கிறார்கள், உதட்டைப் பார்த்தால் தெரிகிறது. என் காதுக்கு வந்து சேர்வதற்குள் மரியாதை உதிர்ந்துபோகிறது. இத்தனை காலம் வாழ்ந்த ஊர் முழுக்க மறுபடியும் எனக்குக் கங்காணியாகிவிட்டது.

காதைக் கொண்டுபோனது மில். கோத்தகிரித் தேயிலைத் தோட்டத்தில் வீட்டுக்காரர் இறந்தபின், பிள்ளைகளோடு மலையிறங்கி மேட்டுப்பாளையத்தில் பாக்கு உரித்தேன். பிறகு இங்கே நூல் மில்லில் சேர்ந்தேன். உள்ளே போனால் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வோம். முதலில் அந்த இரைச்சல் மில்லுக்குள் இருந்தது. கொஞ்ச நாளில் வீட்டுக்கும் கூடவே வந்தது. நான் வேலையை விட்ட பிறகும் அது என்னை விடவில்லை.

இதையெல்லாம் சகித்துக்கொண்டிருப்பேன். அக்காவுக்காகத்தான் சகிக்க முடியவில்லை. பாக்கியம், எனக்கு மூத்தவள். இலங்கையில் அட்டன் பக்கம் நாங்கள் பிறந்த அதே தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், இன்னும் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் அந்த நாட்டுக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்தார், என் வீட்டுக்காரர் இந்த நாட்டுக்கு எழுதிக்கொடுத்தார். ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்பிள்ளைகள் இரண்டு தேசமாகிவிட்டோம். அட்டன் ஸ்டேஷனில் ரயில் நகர்ந்ததுதான், அதற்குப்பிறகு அவளை நேரில் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடியோவில் பேசுவோம். அங்கே அவள் பேத்தி போனைப் பிடித்துக்கொள்வாள், இங்கே ஹரிணி பிடித்துக்கொள்வாள். அக்கா சொல்வதை ஹரிணி என் இடது காதில் உரக்கச் சொல்வாள். நான் சொல்வதை அக்கா நேராகக் கேட்டுக்கொள்வாள். பல வருடம் இப்படியே ஓடியது. சாப்பிட்டாயா, மழையா, மூட்டுவலி எப்படி. இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஹரிணி போனைத் தாழ்த்திவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"பெரியாயி என்னை வெளிய போகச் சொல்றாங்க அப்பாயி. உங்ககிட்ட மட்டும் சொல்ல ஒண்ணு இருக்காம். நான் போயிட்டா அதை யார் உங்க காதுல சொல்றது?"

நான் போனை வாங்கி, "அக்கா, எனக்குக் காது கேட்கிற மிஷின் வாங்கப் போறாங்க. வந்ததும் சொல்லு" என்றேன். அப்போது அப்படி யாரும் சொல்லியிருக்கவில்லை. நானே சொல்லிக்கொண்டேன். அக்காவுக்கு நெஞ்சு சரியில்லை, மாத்திரையில் ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். என் இளையவன் முருகேசன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை செய்கிறான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காந்திபுரத்தில் ஒரு மாடிக் கடைக்கு என்னை அழைத்துக்கொண்டு போனான்.

கடையில் கண்ணாடி அறை ஒன்று இருந்தது. உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினால் உலகமே நின்றுவிடுகிறது. ஒரு வாரத்தில் வரப்போகும் என் மிஷினைப் போலவே இருந்த ஒன்றை அங்கே மாட்டினார்கள். என் சேலை உரசும் சத்தம் கேட்டது. முருகேசன், "அம்மா, கேக்குதா?" என்றான். என் மகன் குரல் இப்படியா என்று திகைத்துப்போனேன். நான் மனதில் வைத்திருந்தது அவன் வாலிப வயதுக் குரல். கடைக்காரர் வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, நல்ல மரியாதைக்காரர். "வாங்கிட்டுப் போங்கம்மா. பிடிக்கலைன்னா ஒரு மாசத்துக்குள்ள கொண்டாங்க, நாங்களே எடுத்துக்கறோமுங்க" என்றார். அந்த 'ங்க' முழுசாக என் காதில் விழுந்தது. முருகேசன் கிரெடிட் கார்டை நீட்டினான்.

மிஷின் வந்த அன்றைக்குத்தான் எல்லாம் நடந்தது. மருமகள் கவிதா பெருந்துறைப் பக்கத்துப் பெண். இரண்டு பேரும் விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். 'சிலோன்காரங்க ஊட்டுக்கா பொண்ணு போறது' என்று அவள் வீட்டில் நிறையப் பேசினார்களாம். அவள் அதை என்னிடம் ஒருநாளும் காட்டியதில்லை. பெட்டியைப் பிரித்து நான் கை நீட்டினேன். அவள் தடுத்தாள்.

"இருங்க அத்தை. சாமிகிட்ட வெச்சுப்போட்டு அப்பறம் மாட்டிக்கலாமுங்க."

பெட்டிக்கு மஞ்சள் தடவி, சந்தனம் குங்குமம் வைத்தாள். மூடியில் ஒரு செவ்வந்திப் பூ. சூடம் காட்டினாள். எனக்கும் பொட்டு வைத்து, பெட்டியை மடியில் கொடுத்து, சிரிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தாள். பல் இல்லாத வாயோடு நன்றாகவே சிரித்தேன். 'எங்க அத்தைக்குப் புதுக் காது வந்தாச்சு' என்று எழுதி, கடைக்கு நன்றியும் சொல்லி, அந்தப் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாள். பைக் வாங்கினாலும் மிக்ஸி வாங்கினாலும் அவள் அப்படி வைப்பது வழக்கம். இந்தப் பக்கம் யார் வீட்டிலும் வழக்கம்தான். அதற்குப் பிறகுதான் மாட்டிப் பார்த்தோம்.

மாட்டியதும் 'கீ' என்று ஒரு கூச்சல். அது கொஞ்சம் அடங்கினால் ஓ என்ற இரைச்சல். குக்கர் விசில் மண்டைக்குள் குத்தியது. மேட்டுப்பாளையம் ரோட்டில் போகும் பஸ்ஸின் ஹாரன் என் படுக்கையில் ஏறி உட்கார்ந்தது. ஆள் பேச்சு மட்டும் தகர டப்பாவுக்குள் அடைத்த மாதிரி, சொல் ஒன்றும் பிரியவில்லை. கண்ணாடி அறையில் மாட்டிய மிஷினும் இதுவும் ஒரே ஜாதி என்று நம்ப முடியவில்லை. கழற்றினால் பழைய செவிடாவது அமைதியாக இருந்தது.

கடைக்குப் போனோம். கம்ப்யூட்டரில் ஏதோ கூட்டிக் குறைத்தார்கள். வீட்டுக்கு வந்தால் அதே கூச்சல். மறுபடி போனோம். "கொஞ்சம் பழகோணுமுங்கம்மா, புதுக் கண்ணாடி போட்டா கண்ணு பழகுதில்லீங்களா, அதாட்டத்தான்" என்றார். மூன்றாம் முறை, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று முருகேசன் நேராகவே கேட்டான். அவர் எங்களை உட்காரவைத்து, டீ வாங்கித் தந்து, "பாத்துக்கலாமுங்க, உங்களை விட்டுப்போடுவோமுங்களா?" என்றார். வீடு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அவர் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு விளங்கியது. தோட்டத்தில் 'இல்லை' என்று சொல்வதானால் முகத்தில் அடித்த மாதிரி சொல்வார்கள். அந்த இடத்திலேயே அழுதுவிட்டு வேறு வழி பார்க்கலாம். இங்கே இல்லை என்பதற்கு டீ தருகிறார்கள். குடித்துவிட்டு நன்றி சொல்லிவிட்டு வருகிறோம். இந்த ஊரின் மரியாதையைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைத் தின்றுதான் இத்தனை வருடம் நிமிர்ந்து நடந்தேன். ஆனால் அதற்குள்ளே கதவு திறந்திருக்கிறதா சாத்தியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க எனக்கு இன்றுவரை வரவில்லை.

முருகேசன் பேங்கில் டிஸ்ப்யூட் போடுகிறேன் என்றான். கார்டில் வாங்கிய பொருள் மோசமாக இருந்தால் பேங்கில் சொல்லலாமாம், அவர்கள் கடைக்காரரைக் கேட்பார்களாம். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. தோட்டத்தில் புழுத்த அரிசி போட்டால் முந்தானையில் அள்ளிக்கொண்டு ஆபீசுக்குப் போவோம். அதே அரிசியோடு திரும்பி வருவோம். சொல்வதற்கு ஓர் இடம் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது. பேங்கிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். மிஷினைப் பயன்படுத்துகிறவரே குறையைச் சொல்ல வேண்டுமாம். ஹரிணி ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைத்தாள். அந்தப் பெண் ஏதோ கேட்டாள். வயதைக் கேட்கிறாள் என்று நினைத்து எழுபத்து நாலு என்றேன். திரும்பவும் கேட்டாள். துடியலூர் என்றேன்.

"அவங்களுக்குக் காது கேக்கலீங்களா?" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"அதுக்குத்தானுங்க கம்ப்ளெயின்டே" என்றாள் ஹரிணி.

அவர்கள் இருவரும் சிரித்தார்கள். ஹரிணியின் முகத்தைப் பார்த்து நானும் சிரித்தேன். இந்த விவகாரத்தில் நான் சிரித்தது இரண்டு முறை. இது இரண்டாவது.

சில நாளில் பேங்க் அந்தத் தொகையைத் தற்காலிகமாகத் திருப்பிப் போட்டது. முருகேசன் மைசூர்பா வாங்கி வந்தான். முடிவு வந்துவிட்டால் வேறு நல்ல கடையில் வாங்கிக்கொள்ளலாம், அதுவரை தற்காலிகம்தான் என்றான். எனக்கு 'தற்காலிகம்' என்ற சொல் புதிது இல்லை. கப்பலிலிருந்து இறங்கியதும் மண்டபத்து முகாமில் எங்களைத் தங்கவைத்தது தற்காலிகமாகத்தான். கோத்தகிரித் தோட்டத்து வேலையும் தற்காலிகம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனாலும் மைசூர்பாவைத் தின்றேன். இன்னும் கொஞ்ச நாள்தான், அக்காவின் குரலை நானே கேட்கப் போகிறேன் என்று நினைத்துத் தின்றேன்.

அக்கா அதுவரை பொறுக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்ததுமே அவள் பேத்தியை வெளியே அனுப்பிவிட்டாள். இங்கே ஹரிணியும் போய்க் கதவைச் சாத்தினாள். மிஷின் வந்தாகிவிட்டது என்று அக்காவுக்குத் தெரியும். அதன் கோளாறு தெரியாது. அவளுக்கு வருத்தம் வேண்டாம் என்று நான்தான் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். கோளாறு மிஷினையே மாட்டிக்கொண்டேன். படத்தில் அவளுக்குப் பின்னால் லயத்து வாசல், அதிலிருந்து வெளிச்சம். அவள் முகம் இருட்டாக இருந்ததால் உதடு தெரியவில்லை. அவள் பேச ஆரம்பித்தாள். எனக்கு ஓ என்ற இரைச்சல்தான். நடுநடுவே என் பெயர் மாதிரி ஏதோ வந்தது. வெகுநேரம் பேசினாள். அவள் நிறுத்திய இடத்திலெல்லாம் "சரிக்கா" என்றேன். கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போது அவள் தோள் மெல்ல இறங்குவது தெரிந்தது, தேயிலைக் கொழுந்துக்கூடையை முதுகிலிருந்து இறக்கிவைத்த மாதிரி. கேட்கவில்லை என்று சொல்லி அதை மறுபடி அவள் முதுகில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. புது மிஷின் வந்ததும் இன்னொரு முறை கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கடைசியில் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வாரத்திற்குள் அக்காவுக்கு வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு நின்றுவிட்டது. ஆள் இருக்கிறாள், கண் இருக்கிறது, சொல் இல்லை. எழுதிக் காட்டச் சொல்லலாம் என்றால் அவளுக்கு எழுத்து என்றைக்குமே தெரியாது. நீங்கள் பேசியதைப் பதிவு செய்து வைத்திருக்கலாமே என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அவள் பேத்தியிடம் கேட்டோம். ஆயா என்ன சொன்னாள் என்று தனக்குத் தெரியாது, என்னிடம் சொல்லிவிட்ட நிம்மதி மட்டும் அவளுக்கு இருந்தது என்றாள்.

இதற்குப் பிறகுதான் பேங்கின் முடிவு வந்தது. கடைக்காரர் பதில் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு படம். கவிதா வைத்த ஸ்டேட்டஸ். அவள் போனில் கடைக்காரரின் எண் இருந்ததால் அவரும் அதைப் பார்த்திருக்கிறார், எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். பொட்டு வைத்த பெட்டி, பூ, சூடம், பொக்கை வாயோடு நான், புதுக் காது வந்தாச்சு, நன்றி. வாடிக்கையாளர் பொருளை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார் என்பது தெளிவாகத் தெரிகிறது, ஆகவே புகார் முடித்துவைக்கப்படுகிறது என்று பேங்க் எழுதியிருந்தது. போட்ட தொகையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கார்டுக்குக் கட்டும் தவணை முடிகிறவரை இன்னொன்று வாங்க முருகேசனால் முடியாது. பெரியாஸ்பத்திரியில் இலவச மிஷினுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கூப்பிடும்போது வரச் சொல்லியிருக்கிறார்கள்.

முருகேசன் கவிதாவைப் பிடித்துக்கொண்டான். "மாட்டிப் பாக்குறதுக்கு முன்னாடி உன்னை யாரு ஸ்டேட்டஸ் வைக்கச் சொன்னது?"

"நல்லாக் கேக்கோணும்னுதானுங்க சாமிகிட்ட வெச்சேன்" என்று அவள் அழுதாள்.

"அவளை ஒண்ணும் சொல்லாதே" என்றேன். "சிரிச்சது நான்தானே?"

மறுநாள் கவிதா முருகேசன் இல்லாமலே என்னை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கெட்டிக்காரி, பயமில்லாமல் பேசினாள். கடைக்காரர் கோபப்படவே இல்லை. தன் போனை எடுத்து அந்தப் படத்தை என் பக்கம் திருப்பினார். "நீங்களே பாருங்கம்மா, எவ்வளவு சந்தோசமா இருக்கீங்க" என்றார். கவிதா அதை என் காதில் மறுபடி சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவர் வாயசைவிலேயே புரிந்தது. போகும்போது வாசல்வரை வந்து, படி பார்த்து இறங்கச் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது நான் கவிதாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். ராமேஸ்வரத்தில் கப்பலிலிருந்து இறங்கிய அன்று என் மாமனார் மணலில் விழுந்து கும்பிட்டார். முடிச்சிலிருந்து சூடம் எடுத்து அங்கேயே ஏற்றினார். என் வீட்டுக்காரர் மண்ணை எடுத்து என் நெற்றியிலும் கைப்பிள்ளை நெற்றியிலும் வைத்தார். நானும் சிரித்தேன். காகிதத்தில் எங்களைத் தாயகம் திரும்பியவர்கள் என்று எழுதிக்கொண்டார்கள். அதற்கு முன் நான் ஒருநாளும் இங்கே வந்ததில்லை. கும்பிட்ட பிறகுதான் தலையை நிமிர்த்தி என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தோம். நல்லவேளை, அன்று யாரும் படம் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் யாரிடம் போய் என்ன டிஸ்ப்யூட் போட்டிருப்போம்? எங்களுக்கு எந்தப் பொருளையும் முதலில் கும்பிடத்தான் தெரியும். வேலை செய்கிறதா என்பது அப்புறம். இந்த ஒரு விஷயத்தில் கவிதாவும் நானும் ஒரே ஊர்க்காரிகள்.

வெள்ளிக்கிழமை போன் நிற்கவில்லை. அங்கே அக்காவைத் தலையணையில் சாய்த்து உட்காரவைக்கிறார்கள். இங்கே நான் மிஷினை மாட்டிக்கொள்கிறேன். அவள் வாய் அசைகிறது, சொல் வருவதில்லை. எனக்கு ஓ என்ற இரைச்சல் வருகிறது, கப்பல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டதும் கரை மறைகிறவரை கேட்ட கடல் மாதிரி. அதுவாவது வரட்டும் என்றுதான் கழற்றாமல் இருக்கிறேன். அன்றைக்கு என்ன சொன்னாள் என்று நானும் எண்ணி எண்ணிப் பார்க்கிறேன். ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போ என்றாளா? அம்மாவைப் புதைத்த இடத்தைப் பற்றியா? பேத்தியைப் பார்த்துக்கொள் என்றாளா? அன்றைக்கு ஏன் கப்பலேறினாய் என்று கேட்டாளா? எதுவானாலும் சரி என்று சொல்லிவிட்டேன். நான் ஏற்றுக்கொண்டேன் என்ற நினைப்போடு அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எதை என்று தெரியாமல் நானும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஹரிணி, இவ்வளவுதான் கண்ணு. ஆரம்பத்திலேர்ந்து ஒருதடவை வாசி. அங்கே வேண்டாம், இந்தப் பக்கம் வந்து உக்காரு, வெளிச்சம் உன் முகத்துல விழட்டும். மெதுவா வாசி. கேக்காத இடத்துல சரின்னு சொல்ல மாட்டேன். கையைத் தூக்குறேன்.